கிளாக் ஒயர் இல்லாமல் பிட்டை எப்போது படிப்பது?

நிபோங் திபாலில் பொறியியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டது, சுருக்கமாக: "அக்கா, என்னிடம் இரண்டு எஃப்பிஜிஏ போர்டு (உள் சர்க்யூட்டை நாமே எழுதி அமைக்கும் சிப் உள்ளவை). இரண்டிலும் கிளாக் துடிப்பைத் தரும் 50 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர். ஒரே ஒரு ஜோடி ஒயரில், 3 மீட்டர் தூரத்துக்கு, 10 மெகாபிட் வேகத்தில் டேட்டா அனுப்புகிறேன். இரண்டு பக்கமும் ஒரே அதிர்வெண்தானே என்று கிளாக்குக்குத் தனி ஒயர் போடவில்லை. கொஞ்ச நேரம் சரியாக வருகிறது, அப்புறம் பிழை, மறுபடி சரி, மறுபடி பிழை. ஸ்கோப்பில் பார்த்தால் ஏறக்குறைய 5 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை பிழைகள் கூட்டமாக வருகின்றன. கேபிளை மாற்றினேன், கிரவுண்டை மாற்றினேன், பலன் இல்லை. பெரிய கம்பெனிகள் கிளாக் ஒயரே இல்லாமல் கிகாபிட் கணக்கில் அனுப்புகிறார்களே, அவர்களுக்கு மட்டும் எப்படி வேலை செய்கிறது?"

தம்பி, கேபிளையும் கிரவுண்டையும் விடுங்கள். நீங்கள் அளந்த அந்த 5 மில்லிசெகண்டிலேயே பதில் இருக்கிறது. செகண்டுக்கு 1 கோடி பிட் என்றால் 5 மில்லிசெகண்டில் 50,000 பிட் போகும். 50,000 பிட்டுக்கு ஒரு பிட் நழுவுகிறது என்றால் உங்கள் இரண்டு ஆசிலேட்டர்களுக்கும் நடுவே 20 பிபிஎம் வித்தியாசம், அதாவது பத்து லட்சத்தில் 20 பங்கு. மலிவான ஆசிலேட்டர் பலவற்றின் டேட்டாஷீட்டில் கூட்டல் கழித்தல் 50 பிபிஎம் என்று போட்டிருப்பார்கள். ஒன்று மேலேயும் மற்றொன்று கீழேயும் சாய்ந்தால் வித்தியாசம் 100 பிபிஎம் வரை போகும். உங்களுக்குக் கிடைத்தது நல்ல ஜோடிதான். ஆனாலும் மேலே ஒரே எண் அச்சடித்திருப்பதால் இரண்டும் ஒரே கடிகாரம் ஆகிவிடாது.

நடப்பது இதுதான். உங்கள் ரிசீவர் ஒவ்வொரு பிட்டையும் ஓர் இடத்தில் படிக்கிறது. அந்த இடம் பிட்டின் நடுவில் இருக்கும்போது எல்லாம் சரி. 20 பிபிஎம் வேகத்தில் அது மெல்ல நகர்ந்து பிட்டின் விளிம்புக்கு வருகிறது. அங்கே வோல்டேஜ் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருப்பதால் 0 என்றும் வரும், 1 என்றும் வரும். அதுதான் நீங்கள் பார்த்த பிழைக் கூட்டம். விளிம்பைத் தாண்டிப் பக்கத்துப் பிட்டுக்குள் போய்விட்டால் மறுபடி சுத்தமாகப் படிக்கும், ஆனால் வரிசையில் ஒரு பிட் தள்ளி. ரிசீவரின் கிளாக் வேகமாக இருந்தால் ஒரு பிட் இரண்டு முறை படிக்கப்பட்டிருக்கும். மெதுவாக இருந்தால் ஒரு பிட் விழுங்கப்பட்டிருக்கும். பிழைக்கு முன்னும் பின்னும் உள்ள டேட்டாவை ஒப்பிட்டால் எந்தப் போர்டு வேகம் என்பதே தெரிந்துவிடும். இன்னும் உறுதி வேண்டுமானால், ஒரு போர்டின் ஆசிலேட்டர் மேல் ஹாட் ஏர் கன்னைத் தள்ளிப் பிடித்து இளஞ்சூடாகக் காற்றை விடுங்கள். குவார்ட்ஸின் அதிர்வெண் வெப்பத்தோடு மாறும். 5 மில்லிசெகண்ட் 4 ஆகவோ 8 ஆகவோ உங்கள் கண்ணெதிரே நகரும். கேபிள் கோளாறு அப்படி நகராது.

சரி, கிளாக்குக்கு இன்னொரு ஜோடி ஒயர் போட்டால் தீர்ந்துவிடாதா? உங்கள் வேகத்தில் தீர்ந்துவிடும். 10 மெகாபிட்டில் ஒரு பிட் 100 நானோசெகண்ட், 3 மீட்டர் கேபிளில் இரண்டு ஜோடிகளுக்கு நடுவே வரும் தாமத வித்தியாசம் அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் 10 கிகாபிட்டில் ஒரு பிட் 100 பிகோசெகண்ட். சாதாரண சர்க்யூட் போர்டில் அந்த நேரத்துக்குள் சிக்னல் ஏறக்குறைய 1.5 செ.மீ. தான் போகும். கிளாக் தடம் டேட்டா தடத்தைவிட 7 மில்லிமீட்டர் நீண்டாலே அரை பிட் தள்ளிப்போய், நேராக விளிம்பில் போய் நிற்பீர்கள். அந்த வேகத்தில் கிளாக் ஒயர் உதவியாக இருப்பதைவிட உபத்திரவமாக இருக்கும். ஃபைபர் என்றால் கிளாக்குக்காக இன்னொரு ஃபைபரை யாரும் தரவும் மாட்டார்கள். அதனால்தான் டேட்டாவிலிருந்தே கிளாக்கை மீட்டெடுக்கிறோம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக வரும். ரிசீவருக்கு நேரத் தகவல் கிடைக்கும் ஒரே இடம் விளிம்புகள். 0 இலிருந்து 1 க்கோ, 1 இலிருந்து 0 க்கோ சிக்னல் மாறும் அந்தக் கணம் மட்டும்தான் "பிட் இங்கே தொடங்குகிறது" என்று சொல்கிறது. வரிசையாக நாற்பது 0 வந்தால் அந்த நாற்பதும் ஒரே மட்டமான கோடு, அதில் நேரம் என்று எதுவும் எழுதப்படவில்லை. ஆகவே கிளாக் மீட்பின் பாதி வேலை அனுப்புகிறவருடையது. போதுமான விளிம்புகளை அவர் தந்தாக வேண்டும். பாடத்தில் ரிசீவர் சர்க்யூட்டை மட்டும் நடத்திவிட்டு இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசில் அதிவேக லிங்க்குகளைச் சோதிக்கும் வேலைக்கு வரும் பயிற்சி மாணவர்கள் பலரும், விளிம்புகளைப் பார்த்துக் கிளாக்கைத் திருத்திக்கொண்டே இருக்கும் லூப்பின் சமன்பாட்டை எழுதிவிடுகிறார்கள். விளிம்பே வராவிட்டால் அந்த லூப் என்ன செய்யும் என்று கேட்டால் திகைத்து நிற்கிறார்கள்.

ஸ்பெக்ட்ரம் அனலைசரில் பார்த்தாலும் இதே கதைதான். சாதாரண டேட்டாவில், அதாவது 1 என்றால் பிட் முழுக்க உயரம், 0 என்றால் பிட் முழுக்கத் தாழ்வு என்று அனுப்பும் முறையில், பிட் வேகத்துக்குச் சமமான அதிர்வெண்ணில் சக்தி பூஜ்யம். 10 மெகாபிட் டேட்டாவில் 10 மெகாஹெர்ட்ஸைத் தேடினால் அங்கே பள்ளம்தான் இருக்கும். வெறும் ஃபில்டர் போட்டுக் கிளாக்கை உருவ முடியாது என்பதற்குக் காரணம் இது. சிக்னலையும், அரை பிட் தாமதித்த அதே சிக்னலையும் ஒரு எக்ஸார் கேட்டில் (இரண்டு உள்ளீடும் வேறுபட்டால் மட்டும் 1 தருவது) கொடுத்தால் ஒவ்வொரு விளிம்புக்கும் ஒரு துடிப்பு வரும். அந்தத் துடிப்புகளின் ஸ்பெக்ட்ரத்தில் 10 மெகாஹெர்ட்ஸில் ஒரு கூர்மையான கோடு எழும். அந்தக் கோட்டைக் குறுகலான ஃபில்டரில் பிடித்துக் கிளாக்காக ஆக்குவதுதான் பழைய முறை.

இப்போது அனுப்புகிறவர் பக்கம் வருவோம். மிக எளிய ஏற்பாடு சீரியல் போர்ட். ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் ஒரு ஸ்டார்ட் பிட், அதன் விளிம்பைப் பார்த்து ரிசீவர் தன் எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்கும். கடைசியாகப் படிக்க வேண்டிய ஸ்டாப் பிட்டின் நடு, அந்த விளிம்பிலிருந்து 9.5 பிட் தூரத்தில் இருக்கிறது. அதற்குள் அரை பிட்டுக்கு மேல் நழுவக் கூடாது. 0.5 ஐ 9.5 ஆல் வகுத்தால் 5 விழுக்காடு சொச்சம். விளிம்பைக் கண்டுபிடிப்பதில் வரும் துல்லியக் குறைவைக் கழித்து, இரண்டு பக்கத்துக்கும் பங்கு போட்டால் ஆளுக்கு 2 விழுக்காடு. அதனால்தான் சீரியல் போர்ட்டில் நாம் பிபிஎம் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. ஆனால் 8 பிட் டேட்டாவுக்கு 10 பிட் செலவு, இடையில் ஒரு விளிம்பு கெட்டால் பைட் முழுதும் போய்விடும்.

அடுத்தது மான்செஸ்டர் முறை, 10 மெகாபிட் ஈதர்நெட்டில் இருந்தது. ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் கட்டாயம் ஒரு விளிம்பு. கிளாக்கைப் பொறுத்தவரை இதைவிடத் தாராளம் வேறு இல்லை, ஆனால் பேண்ட்வித் இரட்டிப்பாகிறது. யூஎஸ்பி வேறு வழியில் போனது. அதில் 0 என்றால் மட்டம் மாறும், 1 என்றால் மாறாது. தொடர்ந்து ஆறு 1 வந்துவிட்டால் அனுப்புகிறவர் தானாக ஒரு 0 வைச் செருகுவார், ரிசீவர் அதை எடுத்து எறிந்துவிடும். கார்களில் ஓடும் கேன் பஸ்ஸிலும் இதே செருகல் உண்டு, அங்கே ஒரே மதிப்புள்ள ஐந்து பிட் தொடர்ந்தால். தொலைபேசி நிலையங்களை இணைத்த 2.048 மெகாபிட் லைன்களில் தொடர்ந்து நான்கு 0 வந்தால் வேண்டுமென்றே விதி மீறிய ஒரு துடிப்பை வைப்பார்கள். மீறல் என்பதாலேயே அது டேட்டா இல்லை என்று மறுமுனைக்குத் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது 8பி/10பி. ஐபிஎம்மைச் சேர்ந்த விட்மரும் ஃபிரானஷெக்கும் 1983 இல் வெளியிட்டது. 8 பிட்டை 10 பிட்டாக மாற்றும் ஒரு அட்டவணை, அவ்வளவுதான். ஆனால் அந்த அட்டவணையை எவ்வளவு நுணுக்கமாகத் தேர்ந்திருக்கிறார்கள்! எந்த டேட்டா வந்தாலும் ஒரே மதிப்புள்ள பிட் ஐந்துக்கு மேல் தொடராது. 0 களும் 1 களும் நீண்ட கணக்கில் சமமாக இருக்கும். டேட்டாவில் வரவே முடியாத ஒரு தனி வடிவம், கமா என்பார்கள், அதில் உண்டு. அதைப் பார்த்தால் பத்துப் பிட் குழு எங்கே தொடங்குகிறது என்றும் தெரிந்துவிடும். முதல் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ், சாட்டா, ஃபைபரில் போகும் கிகாபிட் ஈதர்நெட் எல்லாம் இதில்தான் ஓடின. கிகாபிட் ஈதர்நெட் லைனில் 1.25 கிகா வேகத்தில் போவது இந்த 10 க்கு 8 கணக்கால்தான்.

ஐந்து பிட் என்பது ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று நீங்கள் கேட்கலாம். 20 பிபிஎம் வித்தியாசத்தில் ஐந்து பிட்டுக்கு நழுவுவது பிட்டின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, ஒன்றுமே இல்லை. உண்மையான காரணங்கள் வேறு. லைனில் கெப்பாசிட்டரோ டிரான்ஸ்ஃபார்மரோ தொடராக இருந்தால், நீண்ட 0 வரிசையில் சராசரி மட்டம் மெல்ல நகரும். அடுத்து வரும் விளிம்பு தவறான நேரத்தில் வந்ததுபோல் தெரியும். ரிசீவருக்குள் இருக்கும் ஆசிலேட்டரும் விளிம்பு வராத நேரத்தில் சத்தத்தாலும் கசிவாலும் இழுபடும்.

8பி/10பி க்கு 25 விழுக்காடு கூடுதல் பிட் ஆகிறது. 10 கிகாபிட்டுக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் 64பி/66பி வந்தது. 64 பிட்டையும், டேட்டாவைத் தற்செயல் போலத் தோன்றச் செய்யும் ஸ்கிராம்ப்ளரில் கலக்கி, முன்னால் 01 அல்லது 10 என்று இரண்டு பிட் வைக்கிறார்கள். 66 பிட்டுக்கு ஒரு விளிம்பு உத்தரவாதம், மீதி எல்லாம் நிகழ்தகவு. கலக்கிய டேட்டாவில் சராசரியாக இரண்டு பிட்டுக்கு ஒரு விளிம்பு வரும், நீண்ட வரிசைகள் மிக அரிதாகவே வரும்.

நிகழ்தகவை நம்புவதில் ஓர் ஆபத்து உண்டு. அதற்கு நடந்த கதையே இருக்கிறது. சோனெட் என்ற ஃபைபர் முறையின் ஸ்கிராம்ப்ளர் 7 பிட் நீளம்தான், டேட்டாவோடு அது கலக்கும் வரிசை 127 பிட்டுக்கு ஒருமுறை அப்படியே திரும்ப வரும். தொலைபேசிக் குரல்கள் கலந்து போன காலத்தில் அது போதுமானதாக இருந்தது. இன்டர்நெட் பாக்கெட்டுகளை அதில் நேராக ஏற்றத் தொடங்கியதும், அந்த 127 பிட் வரிசையையே பாக்கெட்டுக்குள் நிரப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்தது. இரண்டும் பொருந்தினால் ஒன்றை ஒன்று அழித்து லைனில் மட்டமான கோடு போகும், விளிம்பு இல்லாமல் ரிசீவர் கிளாக்கைத் தொலைத்துவிடும். தெரிந்தே ஒருவன் பாக்கெட் ஒன்றைச் செய்து லைனையே விழச்செய்ய முடியும் என்ற நிலை. 1999 இல் வந்த ஆர்எஃப்சி 2615 என்ற இன்டர்நெட் தரநிலை ஆவணம் இதற்காகவே, பாக்கெட்டுகளை முதலில் 43 பிட் நீளமுள்ள இன்னொரு ஸ்கிராம்ப்ளரில் கலக்கச் சொன்னது. அதன் தற்போதைய நிலை கடந்து போன டேட்டாவைப் பொறுத்தது, வெளியாள் ஊகிக்க முடியாது. 64பி/66பி யில் 58 பிட் நீளம். பாதுகாப்புப் பாடத்தில் வர வேண்டிய சம்பவம், கிளாக் மீட்பில் வருகிறது.

இனி ரிசீவர். விளிம்புகள் ஒழுங்கில்லாமல் வருகின்றன, சில இடங்களில் வருவதே இல்லை. ஆனால் கிளாக் சீராக ஓட வேண்டும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் காவடிக்கு முன்னால் உறுமி அடிப்பவர் சில அடிகளை விட்டுவிட்டாலும் ஆடுகிறவரின் கால் நிற்காது. தாளம் அவருக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும், உறுமி மறுபடி ஒலிக்கும்போது கொஞ்சம் முந்தியிருந்தால் தாமதிப்பார், பிந்தியிருந்தால் எட்டிப்பிடிப்பார். ஃபேஸ் லாக்டு லூப் செய்வதும் இதுதான். உள்ளே வோல்டேஜால் வேகம் மாறும் ஓர் ஆசிலேட்டர், உள்ளே வரும் விளிம்பையும் தன் கிளாக்கையும் ஒப்பிடும் ஃபேஸ் டிடெக்டர், அந்த ஒப்பீட்டைச் சராசரியாக்கும் ஃபில்டர். 1932 இல் பிரான்சில் பெல்லெசிஸ் என்பவர் வானொலிக்காக எழுதிய கருத்திலிருந்து வந்த ஏற்பாடு இது.

இதில் மாணவர்கள் அடிக்கடி இடறும் இடம் ஃபேஸ் டிடெக்டர். கிளாக் பெருக்குவதற்கான சிப்புகளில் இருக்கும் ஃபேஸ்-அதிர்வெண் டிடெக்டரை அப்படியே எடுத்து டேட்டாவில் மாட்டிவிடுவார்கள். அது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விளிம்பை எதிர்பார்க்கும். டேட்டாவில் 000 வந்தால், விளிம்பு வரவில்லை, உள்ளே வருவது மெதுவாகிவிட்டது என்று முடிவுகட்டி ஆசிலேட்டரைக் கீழே இழுத்துவிடும். டேட்டாவுக்கான டிடெக்டர், விளிம்பு இல்லாத பிட்டில் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்ததாக இருக்க வேண்டும்.

அப்படி ஒன்று 1975 இல் அலெக்சாண்டர் எழுதியது, பேங்-பேங் டிடெக்டர் என்பார்கள். இன்றைக்கும் கிகாபிட் சிப்புகளில் ஏராளமாக இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துப் பிட்டுகளின் நடுவில் எடுத்த சாம்பிள்கள் அ, ஆ என்று வையுங்கள். இரண்டுக்கும் நடுவில், விளிம்பு இருக்க வேண்டிய இடத்தில் எடுத்த சாம்பிள் இ. அ வும் ஆ வும் ஒன்றாக இருந்தால் விளிம்பே இல்லை, எதுவும் செய்ய வேண்டாம். அ 0, ஆ 1 என்று வையுங்கள். இ 0 ஆக இருந்தால், நாம் பார்த்த கணத்தில் மாற்றம் இன்னும் நடக்கவில்லை, நம் கிளாக் முந்தி ஓடுகிறது. இ 1 ஆக இருந்தால் மாற்றம் ஏற்கனவே நடந்துவிட்டது, நாம் பிந்திவிட்டோம். நான்கு ஃபிளிப் ஃபிளாப்பும் (ஒரு பிட்டைப் பிடித்துவைப்பவை) இரண்டு எக்ஸார் கேட்டும் இருந்தால் வேலை முடிந்தது. இதில் இன்னொரு அழகு, இ விளிம்பின் மேல் போய்ப் பூட்டிக்கொள்ளும்போது அ வும் ஆ வும் தானாகப் பிட்டின் நடுவில் போய் நிற்கின்றன. குறை என்னவென்றால் எவ்வளவு முந்தியது என்று சொல்லாது, முந்தியது என்று மட்டும் சொல்லும். அதனால் பூட்டிய பிறகும் முன்னும் பின்னும் சிறிது ஆடிக்கொண்டே இருக்கும். 1985 இல் வந்த ஹாக் டிடெக்டர் எவ்வளவு என்பதையும் சொல்லும், ஆனால் மிக உயர்ந்த வேகத்தில் அதன் துடிப்பகலம் துல்லியமாக வராது.

சாட்டிலைட், மோடம் பக்கம் போனால் கார்ட்னர் 1986 இல் சொன்ன முறை. சிம்பலுக்கு, அதாவது ஒரு தடவை அனுப்பும் மதிப்புக்கு, இரண்டு சாம்பிள். டேட்டாவைச் சுமக்கும் கேரியர் அலை இன்னும் பூட்டாவிட்டாலும் வேலை செய்யும். சிம்பலுக்கு ஒரே சாம்பிள் போதும் என்பது 1976 இல் வந்த முல்லர்-முல்லர் முறை. இன்றைய நான்கு மட்ட சிக்னல்களில், பாம்-4 என்பார்களே, அதில் இதற்கு மறுபடி மவுசு. நான்கு மட்டங்களில் சாத்தியமான 16 மாற்றங்களில் 4 தான் நடுக்கோட்டைச் சமச்சீராகக் கடக்கும். மற்ற மாற்றங்களில் விளிம்பை மட்டும் நம்பினால் நேரம் தவறாகத் தெரியும்.

டிடெக்டரைவிட எனக்கு முக்கியமாகப் படுவது லூப்பின் பேண்ட்வித். அதைக் குறுக்கினால் சத்தம் நன்றாகச் சராசரியாகிக் கிளாக் சுத்தமாக வரும். ஆனால் அனுப்புகிறவரின் கிளாக் மெல்ல அலைந்தால் பின்தொடர முடியாது. அகலமாக்கினால் எல்லா அலைச்சலையும் தொடரும், சத்தத்தையும் சேர்த்துத் தொடரும். ஃபைபர் சேனலில் பிட் வேகத்தை 1667 ஆல் வகுத்த அளவு, 1.0625 கிகாபிட்டுக்கு 637 கிலோஹெர்ட்ஸ், வரையறையாக இருந்தது. 10 கிகாபிட் ஈதர்நெட்டில் 4 மெகாஹெர்ட்ஸ். பிசிஐ எக்ஸ்பிரஸில் ரேடியோ இடைஞ்சலைக் குறைக்கக் கிளாக்கையே வேண்டுமென்று 30 முதல் 33 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் 0.5 விழுக்காடு வரை கீழே இறக்கி ஏற்றுவார்கள். 5000 பிபிஎம்! லூப் அதைத் தொடர்ந்தே ஆக வேண்டும்.

இன்னொரு பொறி, லூப்பின் பதிலில் வரும் மேடு. ஏதோ ஓர் அதிர்வெண்ணில் வந்த ஜிட்டரைவிட, அதாவது விளிம்புகளின் நேர ஆட்டத்தைவிட, வெளியே போகும் ஜிட்டர் சற்றுக் கூடினால் அதுதான் மேடு. சோனெட் இதற்கு 0.1 டெசிபல் என்று வரம்பு வைத்தது. ஒரு பெட்டியில் 0.1 என்பது ஒன்றுமே இல்லை. 100 ரீஜெனரேட்டர்கள் ஒன்றன் பின் ஒன்றாக, ஒவ்வொன்றும் கிளாக்கை மீட்டு அதே கிளாக்கில் திருப்பி அனுப்பினால் 10 டெசிபல் ஆகிவிடும். ஃப்ளாக், சீ-மீ-வீ 3 போன்ற கடலடிக் கேபிள்கள் பினாங்கில் கரையேறின அல்லவா, அவை ஒளியை ஒளியாகவே பெருக்குகிற தலைமுறை, நடுக்கடலில் கிளாக் மீட்பே கிடையாது. முந்தைய தலைமுறையில் ஒவ்வொரு ரிப்பீட்டருக்குள்ளும் இந்த வேலை நடந்தது.

ஸ்கோப் பற்றி ஒரு வார்த்தை. ஐ டயகிராம் (பிட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக வரைந்த, கண் போன்ற படம்) எடுக்கும்போது மீட்ட கிளாக்கையே டிரிக்கராக வைத்தால், லூப் தொடர்ந்துவிட்ட ஜிட்டர் எதுவும் திரையில் தெரியாது, கண் அகலத் திறந்து அழகாக இருக்கும். ரிசீவர் பார்ப்பதும் அதைத்தான் என்பதால் அது பொய் இல்லை. ஆனால் டிரான்ஸ்மிட்டரில் என்ன கோளாறு என்று தேடும்போது அனுப்புகிற பக்கத்தின் சுத்தமான கிளாக்கில் டிரிக்கர் செய்தும் பார்க்க வேண்டும். 1972 இல் இன்டெலும் ஹியூலெட்-பேக்கார்டும் பாயான் லெப்பாசுக்கு வந்ததிலிருந்து அளவீட்டு வேலை இந்தத் தீவில் வேரூன்றியிருக்கிறது. அங்கே பயிற்சிக்குப் போக வாய்ப்புக் கிடைத்தால் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, உங்கள் போர்டுக்கு வருவோம். அனலாக் லூப் எதுவும் வேண்டாம், எல்லாம் எஃப்பிஜிஏவுக்குள்ளேயே செய்யலாம். 8பி/10பி போடுங்கள், விளிம்பும் பைட் எல்லையும் ஒன்றாகக் கிடைக்கும். 10 மெகாபிட் டேட்டா லைனில் 12.5 மெகா ஆகும். உள்ளே இருக்கும் பிஎல்எல்லில் (ஃபேஸ் லாக்டு லூப்) 50 மெகாஹெர்ட்ஸை இரட்டித்து 100 ஆக்கினால் ஒரு லைன் பிட்டுக்குச் சரியாக 8 சாம்பிள். உள்ளே வரும் சிக்னலை முதலில் இரண்டு ஃபிளிப் ஃபிளாப் வழியாகக் கொண்டுவாருங்கள், இதை விட்டுவிட்டால் காரணமே புரியாத பிழைகள் வரும். பிறகு 0 முதல் 7 வரை எண்ணும் ஒரு கவுண்டர். விளிம்பு 0 இல் வர வேண்டும், பிட்டை 4 இல் படிக்க வேண்டும். விளிம்பு 0 க்கு முன்னால் வந்தால் ஒரு பக்கம் ஒரு ஓட்டு, பின்னால் வந்தால் மறுபக்கம் ஒரு ஓட்டு. ஓட்டு வித்தியாசம் 16 ஐத் தொட்டதும் கவுண்டரை ஒரு படி மட்டும் நகர்த்தி, ஓட்டுகளை அழித்துவிடுங்கள். விளிம்பைக் கண்டதும் கவுண்டரை நேராக 0 க்குத் தள்ளிவிடும் உதாரணங்கள் நிறையக் கிடைக்கும். அப்படிச் செய்தால் ஒரே ஒரு சத்தத் துடிப்பு உங்கள் நேரத்தைக் குலைத்துவிடும்.

16 ஓட்டு மெதுவோ என்று பயப்பட வேண்டாம். 20 பிபிஎம்மில் எட்டில் ஒரு பிட் நழுவ 6,250 பிட் ஆகும், 100 பிபிஎம்மிலும் 1,250 பிட். அதற்குள் நூற்றுக்கணக்கான விளிம்புகள் வந்துவிடும். நகர்த்தும்போது ஒரு பிட் 7 சாம்பிளாகவோ 9 ஆகவோ இருக்கும், அவ்வளவுதான். கவனியுங்கள், இதில் உங்களுக்குக் கிடைப்பது சீரான கிளாக் அலை கிடையாது, "இப்போது படி" என்று சொல்லும் ஒரு குறிப்பு. உங்கள் லாஜிக்குக்கு அது போதும்.

அப்புறம் வேக வித்தியாசம் எங்கே போயிற்று? மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. டேட்டா அனுப்புகிறவரின் வேகத்தில் வருகிறது, நீங்கள் உங்கள் வேகத்தில் எடுக்கிறீர்கள். நடுவில் ஒரு ஃபிஃபோ, அதாவது முதலில் வந்தது முதலில் வெளியேறும் தற்காலிகக் கிடங்கு, வேண்டும். பாதி நிரம்பிய பிறகு படிக்கத் தொடங்குங்கள். 1,500 பைட் பாக்கெட் என்றால் 12,000 பிட், 100 பிபிஎம்மில்கூட 1.2 பிட் தான் விலகும், அதனால் நான்கைந்து பைட் ஆழமே தாராளம். பாக்கெட்டுகளுக்கு நடுவில் சும்மா பைட்டுகளை அனுப்பச் செய்து, ஃபிஃபோ நிறைந்தால் அதில் ஒன்றை எறியுங்கள், குறைந்தால் ஒன்றைச் சேருங்கள். முதல் இரண்டு தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸிலும் இதே ஏற்பாடுதான். இரண்டு பக்கமும் 300 பிபிஎம் எதிரெதிராகப் போனால் ஏறக்குறைய 1,666 சிம்பலுக்கு (இங்கே சிம்பல் என்பது பத்துப் பிட் குழு) ஒன்று நழுவும். அதனால் 1,180 முதல் 1,538 சிம்பலுக்குள் ஒருமுறை, எறியத்தக்க குறியீடுகளை அனுப்பியே தீர வேண்டும் என்று விதி.

சோதிக்கும்போது 0101 என்று அனுப்பிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், அதில் பிட்டுக்கு ஒரு விளிம்பு, எந்த லூப்பும் தேறிவிடும். 8பி/10பி போடுவதற்கு முன்னால் 32 பிட் கவுண்டரின் மதிப்பை அப்படியே அனுப்பிப் பாருங்கள், மேல் பிட்டுகள் வெகு நேரம் 0 ஆகவே இருப்பதால் விளிம்பு எவ்வளவு குறைகிறது என்று ஸ்கோப்பில் தெரியும். பிறகு போலித் தற்செயல் வரிசைகள். 7 பிட் வரிசை எளிது, 31 பிட் வரிசையில் தொடர்ந்து 31 ஒன்றுகள் வரும் இடமும் உண்டு.

கடைசியாக, ஓடும்போதே கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். உள்ளீடு அந்தரத்தில் நிற்கும்போது சத்தமே விளிம்பாகத் தெரியும், ஓட்டுகள் இரண்டு பக்கமும் விழும், கவுண்டர் எங்கெங்கோ அலையும், ரிசீவர் குப்பையை டேட்டா என்று தந்துகொண்டே இருக்கும். அதனால் கமா ஒரே பிட் இடத்தில் தொடர்ந்து நான்கு முறையாவது வந்த பிறகுதான் பூட்டிவிட்டது என்று அறிவியுங்கள். அட்டவணையில் இல்லாத குறியீடுகள் நெருக்கமாக நான்கு வந்தால் பூட்டு போய்விட்டது என்று அறிவித்து, ஃபிஃபோவைக் காலி செய்து, கமாவைத் தேடுவதிலிருந்து மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். கேபிளைத் திரும்ப மாட்டியதும் நீங்கள் ரீசெட் அழுத்தாமலே டேட்டா வர வேண்டும்.